லண்டன் நாய்ப் பந்தய மைதானங்களும் பழைய புக்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது தெற்கு லண்டனில், டூட்டிங் பக்கம். விம்பிள்டன் நாய்ப் பந்தய மைதானம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அது மூடப்படுவதற்கு முந்தைய வருடங்களில் அங்கே போய், நாய்களைப் பார்ப்பதைவிட அதிக நேரம் புக்கிகளை, அதாவது அங்கே நின்று பந்தயப் பணம் வாங்குகிறவர்களை, பார்த்துக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் வயதானவர் யாராவது இருந்தால் பழைய கதைகளைக் கேட்பேன். இந்த விஷயம் பேச்சில் வந்தாலே நண்பர்களும் சொந்தக்காரர்களும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

நாய்ப் பந்தயம்னா என்ன? நாய் எதுக்காக ஓடுது?

வட்டப் பாதையில் தண்டவாளம் போல ஒன்று போட்டு, அதில் மின்சாரத்தால் ஒரு பொம்மை முயலை ஓட விடுவார்கள். கூண்டுக் கதவு திறந்ததும் ஆறு கிரேஹவுண்ட் நாய்கள் அதைத் துரத்தும். வழக்கமான தூரத்துக்கு முப்பது விநாடி போதும், முடிந்துவிடும். ஒவ்வொரு நாய்க்கும் கூண்டு எண்ணுக்கு ஏற்ற நிறத்தில் மேல்சட்டை உண்டு. 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கறுப்பு, 5 ஆரஞ்சு, 6 கறுப்பு வெள்ளைக் கோடு. வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் மேல் படியில் நிற்பவருக்கு யார் முன்னால் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பிறந்த யோசனை இது. இங்கிலாந்தில் முதல் பந்தயம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரில், பெல் வியூ என்ற இடத்தில் நடந்தது. அன்று வந்தவர்கள் ஆயிரத்து எழுநூறு பேர் மாதிரிதான். அடுத்த வருடமே லண்டனில் ஒயிட் சிட்டி, ஹாரிங்கே என்று பெரிய மைதானங்கள் வந்துவிட்டன.

குதிரைப் பந்தயம் இருக்கும்போது இதுக்கு ஏன் அவ்வளவு கூட்டம்?

சட்டம்தான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1906-ல் வந்த சட்டப்படி தெருவில் பந்தயப் பணம் வாங்குவது குற்றம். வசதியானவர் தொலைபேசியில் கடனுக்குப் பந்தயம் கட்டலாம், அது குற்றமில்லை. கையில் நாலு ஷில்லிங் வைத்திருக்கும் தொழிலாளிக்குச் சட்டப்படி வழி ஒன்றுதான், பந்தய மைதானத்துக்கே நேரில் போவது. குதிரைப் பந்தயம் நடப்பது ஊருக்கு வெளியே, வேலை நாளில், பட்டப்பகலில். நாய்ப் பந்தயமோ வீட்டுப் பக்கத்திலேயே, பஸ் போகிற இடத்தில், வேலை முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. அப்புறம் கூட்டத்துக்கு என்ன குறை? போர் முடிந்த கையோடு, 1946-ல், இது உச்சத்தில் இருந்தது.

புக்கியும் டோட்டும் ஒண்ணுதானே?

இல்லை, இரண்டும் வேறு. டோட் என்பது மைதானத்துக்காரர் நடத்தும் கவுண்டர். எல்லோருடைய பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பது பந்தயம் முடிந்த பிறகுதான் தெரியும். புக்கி தனி ஆள், சொந்தப் பணம். ‘நாலாம் நாய், 3/1’ என்று பலகையில் எழுதியிருக்கும்போது நீங்கள் பணம் கொடுத்துவிட்டால் அந்த விலை உங்களுக்கு உறுதி, அதற்குப் பிறகு அவர் எதை அழித்து எதை எழுதினாலும் உங்களைப் பாதிக்காது.

1934 சட்டம் டோட்டுக்கு அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: டோட் நடக்கும்போது புக்கிகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும். புக்கிகள் இல்லாமல் இருந்தால் டோட்டில் கூடுதலாகப் பணம் விழும் என்று கணக்குப் போட்ட முதலாளிகளுக்கு அது முட்டுக்கட்டை. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

5/2, 9/4னு போட்டிருக்காங்களே, அதை எப்படிப் படிக்கிறது?

பின்னால் இருப்பது நீங்கள் வைப்பது, முன்னால் இருப்பது உங்களுக்குக் கிடைப்பது. 5/2 என்றால் 2 பவுண்டு வைத்து ஜெயித்தால் 5 பவுண்டு லாபம், வைத்த 2 பவுண்டும் திரும்பி வரும். கையில் 7. முன் எண் சின்னதாக, உதாரணமாக 1/2 என்று இருந்தால், அந்த நாய் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள் என்று அர்த்தம். 2 பவுண்டு வைத்தால் 1 பவுண்டுதான் லாபம்.

எந்த நாய் ஜெயிச்சாலும் புக்கிக்கு லாபம்னு சொல்றாங்களே, உண்மையா?

கணக்குப்படி உண்மை, நடப்பில் பாதி உண்மை. ஒரு பந்தயத்தில் ஆறு நாய்களின் விலை 2/1, 3/1, 4/1, 5/1, 6/1, 8/1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எது ஜெயித்தாலும் மொத்தம் 100 பவுண்டுதான் திருப்பிக் கொடுக்க வேண்டி வருகிற மாதிரி பணம் வாங்க வேண்டும் என்றால், முதல் நாயின் மேல் 33 பவுண்டும் சில்லறையும், இரண்டாவதின் மேல் 25, அடுத்து 20, பிறகு ஏறக்குறைய 17, 14, 11 என்று வாங்க வேண்டும். கூட்டினால் 120 பவுண்டு. கொடுப்பது 100, பாக்கி 20 அவருக்கு.

ஆனால் ஜனங்கள் இந்த விகிதத்தில் வந்து பணம் கட்டுவதில்லை. எல்லோரும் ஒரே நாயைத் தேடி வருவார்கள். அப்போது அந்த நாயின் விலையைக் குறைக்க வேண்டும், மற்ற நாய்களின் விலையை ஏற்றி ஆட்களை இழுக்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் தன்னிடம் குவிந்த பணத்தில் ஒரு பகுதியைப் பக்கத்துப் புக்கியிடமே பந்தயமாகக் கட்டிவிட வேண்டும். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே இருப்பது கால் மணி நேரம், பெரிய பணம் விழுவது கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில். அதற்குள் இத்தனையும் மனக்கணக்கில் நடக்க வேண்டும். தவறினால் ஒரே ராத்திரியில் பை காலியாகிவிடும், அப்படிக் காலியானவர்கள் நிறையப் பேர். ‘ஜெயிக்கிற புக்கியைத்தான் நீ பார்க்கிறாய், தோற்றவன் அடுத்த வாரம் வருவதில்லை’ என்று விம்பிள்டனில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்.

ஒரு புக்கியோட எத்தனை பேர் இருப்பாங்க?

குறைந்தது இரண்டு பேர், நல்ல கூட்டமுள்ள இரவில் நாலைந்து பேர். புக்கி ஒரு பெட்டியின் மேல் ஏறி நிற்பார். பக்கத்தில் பலகை, சாக்பீஸ், அழிக்க ஈரப் பஞ்சு. முன்னால் பெரிய தோல் பை, அதில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். பணம் வாங்கி அந்தப் பையில் போட்டுக்கொண்டே வாயால் பந்தயத்தைச் சொல்லி, கையால் ஒரு வண்ண அட்டை டிக்கெட்டைக் கொடுப்பார். டிக்கெட்டில் அவர் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் எந்த நாயின் மேல் எவ்வளவு வைத்தீர்கள் என்பது அதில் இருக்காது.

அது இருப்பது பின்னால் நிற்கும் கணக்கரின் நோட்டில். என் கண்ணில் இந்தத் தொழிலின் நாயகன் இந்தக் கணக்கர்தான். சத்தத்துக்கும் மழைக்கும் நடுவில், புக்கி சொல்வதைக் காதில் வாங்கி, டிக்கெட் எண், நாய், ‘20-க்கு 50’ என்று எழுதி, அந்த நாய் ஜெயித்தால் மொத்தம் எவ்வளவு போகும் என்பதையும் ஓரத்தில் கூட்டிக்கொண்டே போவார். புக்கி திரும்பிப் பார்க்காமலே ‘நாலு எவ்வளவு?’ என்று கேட்டால் உடனே தொகை வர வேண்டும். கால்குலேட்டர் வருவதற்குப் பல காலம் முன்பே இப்படி எழுதியவர்கள். இவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருந்தது.

வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு கையை ஆட்டுவாங்களே, அவங்க யாரு?

அவர்களுக்கு டிக்-டாக் ஆட்கள் என்று பெயர். மைதானத்தின் ஒரு மூலையில் விலை மாறியது இன்னொரு மூலையில் இருக்கும் புக்கிக்கு உடனே தெரிய வேண்டும். கைபேசி கிடையாது, கத்தினால் கேட்காது. அதனால் உயரமான இடத்தில் நின்று கைச்சைகையில் சொல்வார்கள். தூரத்திலிருந்து தெரியத்தான் வெள்ளைக் கையுறை. வலது கையால் இடது மணிக்கட்டைத் தொட்டால் 5/4, காதைத் தொட்டால் 6/4, தோளைத் தொட்டால் 7/4, இரண்டு கையையும் தலையில் வைத்தால் 9/4, முகத்தில் வைத்தால் 5/2. கைகளை மார்பின் குறுக்கே வைத்தால் 33/1. நல்ல ஆள் ஒருவர் இதைச் செய்யும்போது கண்ணால் பின்தொடரவே முடியாது.

விலையைச் சொல்வதோடு வேலை முடியாது. ‘அந்தப் புக்கியிடம் எனக்காக இத்தனை பவுண்டு வை’ என்பதும் சைகையிலேயே போகும், அதுவும் பணம் கை மாறாமல். கணக்கு கடைசியில் தீர்க்கப்படும். 1990-களில் கைபேசி பரவிய பிறகு இந்தக் கலை சில வருடங்களிலேயே மறைந்துபோனது. பள்ளிக்கூடம் வைத்து யாரும் கற்றுத் தந்ததில்லை, அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் பார்த்துப் பழகியதுதான். அதனால் தொடர்ச்சி அறுந்தபோது முழுசாக அறுந்துவிட்டது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

ஜெயிச்ச பணத்தைக் கொடுக்காம ஓடிட்டா போலீஸ்ல புகார் கொடுக்கலாமா?

ஓடியவர்கள் உண்டு. ஆனால் பந்தயக் கடனைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 1845 சட்டம் அதை நீதிமன்றத்துக்கு வெளியே வைத்துவிட்டது. 2005-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2007-ல் நடைமுறைக்கு வரும் வரை இதுதான் நிலைமை. உங்களுக்கும் புக்கி மேல் வழக்கில்லை, கடன் சொல்லிப் பந்தயம் கட்டி ஏமாற்றியவர் மேல் புக்கிக்கும் வழக்கில்லை.

அப்படியிருந்தும் எண்பது வருடம் இந்தத் தொழில் நடந்தது என்றால் பெயரை வைத்துத்தான். பையில் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதியது அலங்காரத்துக்காக இல்லை. ஒரு இரவு பணம் கொடுக்காமல் நழுவியவருக்கு அதன் பிறகு எந்த மைதானத்திலும் இடம் கிடைக்காது. மோசமாக அடிவாங்கிய புக்கி பக்கத்துப் புக்கியிடம் கடன் வாங்கி ஜெயித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ரவுடிகள் மாமூல் வாங்கினதா சீரியல்ல காட்டுறாங்களே?

அது பெரும்பாலும் குதிரைப் பந்தயத்தில். 1920-களில் டார்பி சபினி என்பவரின் லண்டன் கும்பலும் பர்மிங்காம் கும்பலும் அதற்காக மோதிக்கொண்டன. வசூலிக்கும் முறை எளிமையானது: சாக்பீஸ், பஞ்சுக்குத் தண்ணீர், ஏறி நிற்கும் ஸ்டூல், ஓடும் குதிரைகளின் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் கொள்ளை விலைக்குப் புக்கியிடம் ‘விற்பார்கள்’. வேண்டாம் என்றால் சவரக்கத்தி. இதற்கு எதிராகப் புக்கிகளே 1921-ல் சங்கம் அமைத்தார்கள்.

நாய்ப் பந்தய மைதானங்களிலும் தொல்லை இருந்தது, ஆனால் குறைவு. சுற்றிலும் மதில், வாசலில் நிர்வாகத்தின் ஆட்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே முகங்கள். திறந்தவெளிக் குதிரை மைதானத்தில் செய்த அட்டகாசத்தை அங்கே செய்வது அவ்வளவு சுலபமில்லை.

பேர் சொல்ற மாதிரி பெரிய புக்கிகள் யாராவது?

இன்று பிரிட்டிஷ் கடைத்தெருக்களில் பார்க்கிற பெயர்களில் சில இங்கிருந்துதான் கிளம்பின. வில்லியம் ஹில் லண்டன் வந்த புதிதில் நாய்ப் பந்தயத்தில் புக்கியாக இருந்தவர். ஜோ கோரல் வார்சாவில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர், அவரும் லண்டன் நாய்ப் பந்தய மைதானங்களில் நின்றவர். வால்தம்ஸ்டோ மைதானத்தை 1933-ல் திறந்த வில்லியம் சாண்ட்லர் புக்கிதான். கடைசி வரை அது அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

எனக்குப் பிடித்தவர் ஆல்பர்ட் வில்லியம்ஸ். மிக் த மில்லர் என்ற நாய் அயர்லாந்தில் ஒரு பாதிரியாருடையது. 1929-ல் டெர்பி என்ற பெரிய நாய்ப் பந்தயப் போட்டிக்காக லண்டன் வந்து, ஆரம்பச் சுற்றிலேயே 525 கெஜத்தை 30 விநாடிக்குள் ஓடிக் காட்டியது. அதுவரை எந்த நாயும் அப்படி ஓடியதில்லை. புக்கியான வில்லியம்ஸ் 800 கினி (அந்தக் காலப் பண அளவு) கொடுத்து அதை வாங்கிவிட்டார். மிக் அந்த வருடமும் அடுத்த வருடமும் டெர்பியை ஜெயித்தது. 1931 இறுதிப் போட்டியிலும் முதலாவதாகத்தான் வந்தது, ஆனால் பந்தயம் செல்லாது என்று அறிவித்து மறுபடி ஓட விட்டதில் தோற்றது. கூட்டம் கொதித்துப்போனது. அதன் பாடம் செய்த உடலை இன்றும் ட்ரிங் என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

புக்கியை விடுங்க, வந்து போன ஆட்கள் எப்படிப்பட்டவங்க?

ஒத்திகை ஓட்டத்துக்குக்கூட ஸ்டாப்வாட்சோடு வந்து நேரம் குறித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. ஏதோ ஒரு நாயின் சொந்தக்காரரோடு பழக்கம் உள்ளவர்கள் இன்னொரு வகை. இவர்கள் நேராக வந்து பணம் வைக்க மாட்டார்கள், யாருக்கும் தெரியாத ஒரு ஆளை அனுப்புவார்கள். அதைக் கண்டுபிடிப்பது புக்கியின் வேலை. ஒருவருடைய கோட்டையும் அவர் யாரோடு பேசிவிட்டு வருகிறார் என்பதையும் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

கீழே கிடக்கும் டோட் டிக்கெட்டுகளைப் பொறுக்கி, யாராவது தவறுதலாக ஜெயித்ததை எறிந்திருக்கிறார்களா என்று பார்ப்பவர்கள் உண்டு. வருடக்கணக்கில் ஆறாம் எண் நாயை மட்டுமே ஆடும் பாட்டிகள் உண்டு. புக்கி அவர்களுக்குப் பலகையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுப்பார், நானே பார்த்திருக்கிறேன். தலையில் தீக்கோழி இறகுகளோடு ‘என்கிட்ட ஒரு குதிரை இருக்கு’ என்று கூவி உறையில் துப்பு விற்ற இளவரசர் மோனோலூலுவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அபிசீனிய இனத் தலைவர் என்று சொல்லிக்கொண்ட அவருடைய உண்மைப் பெயர் பீட்டர் மெக்கே. அவர் முதன்மையாகக் குதிரைப் பந்தய உலகத்து ஆள்.

மோசடியே நடக்கலையா?

நடந்தது. மெதுவாக ஓடும் நாயின் பெயரில் வேகமான நாயைக் கொண்டுவருவது பழைய வித்தை. அதற்காகத்தான் 1928-ல் அமைந்த கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு நாய்க்கும் அடையாளப் புத்தகம் வைத்து நிறம், நகம், காது வரை சரிபார்த்தது. உரிமம் இல்லாத சின்ன மைதானங்களில் இந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது.

மிகப் பெரிய சதி நாயைத் தொடாமலே நடந்தது. 1964 ஜூன் 30, டாகன்ஹாம் மைதானம். டோட்டில் உண்டியல் எப்படிப் பிரிக்கப்படும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கூட்டமே டோட் கவுண்டர்களை அடைத்துக்கொண்டு நின்றது. முதல் இரண்டு இடத்தில் எந்த இரண்டு நாய்கள் வரும் என்று ஜோடியாகச் சொல்லும் பந்தயம் அது. ஜெயிக்க வாய்ப்பில்லாத ஜோடிகளின் மேல் பணத்தைக் கொட்டினார்கள், வேறு யாரையும் கவுண்டரிடம் நெருங்க விடவில்லை. அதே நேரம் நாடு முழுக்கப் பந்தயக் கடைகளில், ஜெயிக்க வாய்ப்புள்ள ஜோடிகளின் மேல் இவர்களுடைய ஆட்கள் ‘டோட் என்ன தருகிறதோ அந்த விலைக்கு’ பணம் கட்டியிருந்தார்கள். ஜெயித்த ஜோடிக்கு டோட்டில் ஒரே ஒரு டிக்கெட்தான் விற்றிருந்தது. இரண்டு ஷில்லிங்குக்கு 987 பவுண்டு 11 ஷில்லிங் 9 பென்ஸ் என்று அறிவிப்பு வந்தது. கடைக்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

நாய்ப் பந்தயத்துக்காக உலகக் கோப்பை மேட்சையே மாத்தினாங்கன்னு ஒரு கதை இருக்கே?

கதை இல்லை, நடந்ததுதான். 1966 ஜூலை 15, உருகுவே பிரான்ஸ் ஆட்டம். வெம்ப்ளியில் வெள்ளிக்கிழமை நாய்ப் பந்தய இரவு, மைதானத்துக்காரர் அதை ரத்து செய்ய ஒப்பவில்லை. ஆட்டம் ஒயிட் சிட்டிக்குப் போனது. அதுவும் நாய்ப் பந்தய மைதானம்தான்.

அப்புறம் ஏன் எல்லாத்தையும் மூடிட்டாங்க?

கூட்டம் வந்ததற்குக் காரணமாக இருந்த சட்டமே மாறியது. 1961 மே 1 முதல் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன, மைதானத்துக்கு நடக்க வேண்டிய அவசியம் போனது. அதற்கு முன்பே, 1948-ல், நாய்ப் பந்தய டோட்டுக்குப் பத்து சதவீத வரி விழுந்திருந்தது, குதிரைக்கு அது இல்லை. தொலைக்காட்சி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நிலத்தின் விலை. ஊருக்கு நடுவில் அத்தனை பெரிய இடத்தை வைத்துக்கொண்டு ராத்திரி சில நூறு பேருக்கு டிக்கெட் விற்பதை எந்த முதலாளியும் தொடர மாட்டார்.

ஒயிட் சிட்டி 1984-ல் போனது, ஹாரிங்கே 1987-ல் மூடப்பட்டு இப்போது அங்கே சூப்பர்மார்க்கெட். கேட்ஃபோர்ட் 2003, வால்தம்ஸ்டோ 2008 ஆகஸ்ட் 16. அதன் நியான் முகப்பை மட்டும் பாதுகாத்து, பின்னால் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். விம்பிள்டன் 2017 மார்ச் 25. அந்த இடத்தில் இன்று கால்பந்து மைதானம். கூட்டம் குறைந்ததும் முதலில் அடிவாங்கியவர் புக்கி. மேலே பார்த்த கணக்கு பலவிதமான ஆட்கள் பலவிதமான நாய்களின் மேல் பணம் வைத்தால்தான் பலிக்கும். விஷயம் தெரிந்த முப்பது பேர் மட்டும் மிஞ்சினால் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது.

இவ்வளவு ஆசையா எழுதுறீங்களே, நாய்களோட கதி என்ன? சூதாட்டத்துல அழிஞ்ச குடும்பங்கள்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். பந்தய நாய்க்கு ஓடுகிற வயது மூன்று நான்கு வருடம்தான். அதற்குப் பிறகு வீடு கிடைத்த நாய்கள் உண்டு, கிடைக்காமல் கொல்லப்பட்டவையும் ஏராளம். 2006-ல் வட இங்கிலாந்தில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான நாய்கள் கொன்று புதைக்கப்பட்டது வெளியே வந்தது. வளைவில் கால் முறிவதும் அபூர்வம் இல்லை. 2025-ல் வேல்ஸ் அரசு தடை கொண்டுவருவதாக அறிவித்ததற்கு எனக்கு எதிர்ப்பில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம் அன்று ராத்திரியே கரைந்து வீட்டில் அடுப்பு எரியாத கதைகளையும், புக்கிகளின் கதைகளைச் சொன்ன அதே ஆட்களிடம்தான் கேட்டேன்.

அந்தக் கணக்கரின் திறமையும் டிக்-டாக்கின் வேகமும் பொய்யில்லை. நாய் பட்ட பாடும் பொய்யில்லை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைத்துவிட்டால் எழுதியது கெட்டுப்போகும்.

கிண்டி ரேஸ்ல இருந்த புக்கி மாதிரிதானா?

வேலை ஒன்றுதான், பலகையில் விலை போட்டு நிற்பது. சென்னையில் குதிரை மட்டும், இங்கே நாய் இரண்டாவது உலகம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை நிறுத்த 1974-ல் சட்டம் வந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த விளையாட்டு என்று சொன்னது. அந்த வாதத்தை இங்கே நாய்ப் பந்தயத்துக்காக யாரும் பெரிதாக வைத்ததாக நான் கேட்டதில்லை.

இப்போ போய்ப் பார்க்க எங்கயாவது மிச்சம் இருக்கா?

லண்டன் ஓரத்தில் ராம்ஃபோர்டில் இன்னும் நடக்கிறது. க்ரேஃபோர்ட் 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள். போனால் பந்தயம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு புக்கி பக்கம் போய் நில்லுங்கள். இன்று மின்பலகை, கணினி, அச்சடித்த சீட்டு. ஆனால் கடைசி நிமிடத்தில் விலை மாறும்போது அந்த ஆளின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், அது மாறவில்லை.

எங்க வீட்டுக்காரம்மாவோட தாத்தா பெட்டியில ஒரு வண்ண டிக்கெட் கிடைச்சது, புக்கி பேரும் நம்பரும் மட்டும் இருக்கு. இதுக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. கணக்கரைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள்: எந்த நாய், எவ்வளவு என்பது நோட்டில்தான் இருந்தது. அந்த நோட்டு இல்லாமல் இந்த டிக்கெட் ஜெயித்ததா தோற்றதா என்றே சொல்ல முடியாது. பத்திரமாக இருந்ததை வைத்து, ஜெயித்தும் வாங்காமல் விட்டார் என்று முடிவு கட்டவும் முடியாது, நிறையப் பேர் சும்மா சட்டைப் பையில் போட்டபடி வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் இதைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், புக்கி பெயரும் மைதானத்தின் பெயரும் தெரிந்தால் அவர்களுக்கு அது ஒரு சாட்சி. லேமினேட் செய்ய வேண்டாம், டிக்கெட்டின் பின்னால் பேனாவில் எழுதவும் வேண்டாம். தாத்தா எந்த மைதானத்துக்குப் போவார், எந்த வருடங்களில் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, தனித் தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.